கிறிஸ்துமஸுக்கு முன் மண்பாண்டக் கூடத்தில்: எது கெட்டால் எங்கே பார்ப்பது

கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மூன்றாங்கட்டில்தான் எங்கள் கூடம். வருடத்தில் பத்து மாதம் ஆச்சியும், சக்கரத்தில் உட்காரும் ஐயாவும், உதவிக்கு இரண்டு பெண்களும் போதும். தீபாவளி முடிந்ததும் கை பற்றாது. திருக்கார்த்திகைக்கு அகல் விளக்கு, அது முடியும் முன்பே கிறிஸ்துமஸ் குடிலுக்கான சொரூபங்கள், தொங்கவிடும் நட்சத்திரம், மணி, மெழுகுவர்த்தித் தாங்கி, கேக் வைக்கும் தட்டு என்று வரிசையாக நிற்கும். அப்போது வெளியிலிருந்து ஆட்கள் வந்து கைகொடுப்பார்கள். நானும் அப்படி ஒரு நவம்பரில் வந்தவள்தான். அப்புறம் எந்த நவம்பரும் விடவில்லை.

புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன். பொருள் கெட்டால் எல்லாரும் முதலில் சூளையைத்தான் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் ஒரு வாரம் முன்பே, மண் ஈரமாக இருந்தபோதே கெட்டவை. நம் ஊரில் இந்த வேலை வருகிற நேரம் அப்படி. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. வருடத்திலேயே மண் காய மறுக்கும் இரண்டு மாதத்தில், வருடத்திலேயே அதிகமான பொருளைக் காயவைக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கோளாறைப் பார்த்தாலும் முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள்.

எங்களிடம் இரண்டு மண் உண்டு. பொம்மைக்கும் அகலுக்கும் கண்மாய் மண். கோப்பை, தட்டு போன்ற மெருகு பூசும் சாமான்களுக்கு மூட்டையில் வரும், அதிகச் சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் மண். மெருகு என்பது சூட்டில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் பூச்சு. சுடுவது கரண்ட் சூளையில். கீழே வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

சூளைக்குள் வெடித்துச் சிதறியிருக்கிறது

திறந்தால் ஒரு பொம்மை இருந்த இடத்தில் சில்லுகளும் தூளும் கிடக்கும். அக்கம்பக்கத்துச் சாமான்களிலும் தெறித்திருக்கும். "உள்ளே காற்று மாட்டிக்கொண்டது" என்று யாராவது சொல்வார்கள். காற்று தானாக வெடிக்காது. வெடிப்பது நீர். 100 டிகிரியைத் தாண்டும்போது மண்ணுக்குள் தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழி கிடைக்காமல் உடைத்துக்கொண்டு வருகிறது.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். குடிலுக்கான இடையர் பொம்மை ஒன்று, ஒன்பது நாள் காய்ந்தது. நிறம் வெளிறிவிட்டது, தொட்டால் கையில் ஒட்டவில்லை. நான் சூளையில் அடுக்க எடுத்தேன். ஐயா வாங்கி, அதன் முதுகைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு தாயி. இன்னும் காயலை" என்றார். அடுப்படித் தராசில் வைத்தேன்: 412 கிராம். மறுநாள் காலை 405. அதற்கடுத்த நாள் 401. பிறகு 400, மறுநாளும் 400. அன்றைக்குத்தான் அடுக்கினோம். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்த பிறகும் அதற்குள் பன்னிரண்டு கிராம் தண்ணீர் இருந்திருக்கிறது. இரண்டு தேக்கரண்டிக்கு மேல். அன்றிலிருந்து சந்தேகம் வந்த பொம்மையை எல்லாம் எடை போடுகிறேன். அடுத்தடுத்த இரண்டு காலை எடை மாறவில்லை என்றால் காற்றில் காய வேண்டியது காய்ந்துவிட்டது என்று கணக்கு.

மழை விடாமல் பெய்தால் அப்போதும் முழுக்கக் காய்ந்திருக்காது, காற்றே ஈரமாக இருக்கிறது. அதனால் நவம்பர், டிசம்பரில் சூளையை நேராக ஏற்றக்கூடாது. மூடியை ஒரு விரல் அளவு திறந்து, 90 டிகிரியில் இரவு முழுக்க வைத்திருங்கள். திறப்புக்கு நேரே ஒரு கண்ணாடித் துண்டை ஒரு நொடி காட்டினால் பனி படிகிறதா என்று தெரியும். படிந்தால் இன்னும் ஈரம் வருகிறது, காத்திருங்கள். படியாத பிறகு மூடி, மெதுவாக ஏற்றுங்கள். சுமார் 350 முதல் 600 வரை, மண்ணோடு இரசாயனமாகச் சேர்ந்திருக்கும் நீர் வெளியேறும். 573-இல் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும். இந்தப் பகுதியில் அவசரம் வேண்டாம்.

வெடித்தது ஒட்டகமாக இருந்தால் தடிமனைப் பாருங்கள். எங்களிடம் ஒட்டகம்தான் அதிகம் வெடிக்கும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அதன் வயிற்றைக் கெட்டியாக அடைத்துவிடுவார்கள். சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. தோல் பதத்தில், அதாவது அழுத்தினால் வளையாமல் கத்தியில் மட்டும் சீவ வருகிற பதத்தில், கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து எடுத்து, இரண்டு விளிம்பிலும் கீறல் போட்டு மண் குழம்பு தடவி ஒட்டுங்கள். அடியில் ஒரு துளை கட்டாயம். மூடிய உருவத்தில் துளை இல்லாவிட்டால் உள்பக்கம் காயவே காயாது.

சுட்டு முடித்து நாலு நாள் கழித்துச் சில்லு பெயர்கிறது

சூளையிலிருந்து நன்றாகத்தான் வரும். அட்டைப்பெட்டியில் வைத்த பிறகு அகலின் ஓரத்தில் காசு அளவு சில்லு பெயர்ந்து கிடக்கும். பெயர்ந்த குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சுக்கான்கல். கண்மாய் மண்ணில் கலந்து வரும் சுண்ணாம்புக் கட்டிதான். சூளைச் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, மேல் மண்ணைத் தள்ளுகிறது. மழைக்காலத்தில் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, அதனால் இந்த மாதங்களில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

வைத்தியம் மண்ணில்தான். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டிய பிறகே பிசைய வேண்டும். "கையால் பொறுக்கிவிட்டேன்" என்பது போதாது, கடுகு அளவு கல் ஒன்று போதும். ஏற்கெனவே சுட்டுவிட்ட ஈடு (ஒரே தடவையில் சூளையில் அடுக்கிச் சுட்ட சாமான்கள்) என்றால், சூளையிலிருந்து எடுத்து ஆறியதும் அன்றைக்கே தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள். சிறு கட்டிகள் அடங்கிவிடும். பெரிய கட்டிகள் அப்போதே பெயர்ந்து காட்டிக்கொடுக்கும். வாங்கியவர் வீட்டில் பெயர்வதைவிட அது மேல்.

வெள்ளைப் புள்ளி வந்தது அச்சில் வார்த்த பொம்மையில் மட்டும் என்றால், அச்சிலிருந்து உதிர்ந்த பிளாஸ்டர் துணுக்காகவும் இருக்கலாம். அதுவும் இதே மாதிரி பெயர்க்கும். அச்சைச் சுரண்ட உலோகக் கத்தி எடுக்காதீர்கள்.

அச்சிலிருந்து பொம்மை வர மறுக்கிறது

பிளாஸ்டர் அச்சு மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் பொம்மை சுருங்கிக் கழன்று வருகிறது. அச்சே நனைந்திருந்தால் எதை உறிஞ்சும்? வெயில் காலத்தில் ஒரு அச்சில் ஒரு நாளைக்கு ஆறேழு எடுத்தால் மழையில் மூன்றுதான் வரும். அதனால் ஒவ்வொரு உருவத்துக்கும் இரண்டு அச்சு வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். அவசரத்தில் அடுப்பு மேல் வைத்துக் காயவைத்த அச்சு ஒன்று எங்களிடம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிளாஸ்டரை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக்கூடாது, அதன் கட்டு தளர்ந்துவிடும். விசிறிக் காற்று போதும். அச்சுக்கு விசிறி நேராக அடிக்கலாம்; பச்சைப் பொம்மைக்கு அடிக்கக்கூடாது.

விரிசல்

முதலில் விரிசலின் ஓரத்தைப் பாருங்கள். மெருகு பூசிய சாமானில் இது மிகத் தெளிவாகத் தெரியும். விரிசலின் ஓரத்தில் மெருகு உருண்டு வழிந்திருந்தால், மெருகு உருகும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. காயும்போதோ, மெருகு பூசும் முன் சுடுகிற முதல் சூட்டிலோ வந்தது. ஓரம் கண்ணாடி உடைந்ததுபோல் கூராக இருந்தால் ஆறும்போது வந்தது. சூளையை அவசரப்பட்டுத் திறந்தவர் யார் என்று கேளுங்கள். 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை மூடியில் கை வைக்கக்கூடாது. டிசம்பர் இருபதாம் தேதி என்றாலும் கூடாது.

கோப்பையின் அடியில் பாம்பு நெளிந்ததுபோல விரிசல் வந்தால், வனையும்போது அடிமண்ணை அழுத்தித் தேய்க்கவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் தேங்கவிட்டு ஸ்பாஞ்சால் எடுக்கவில்லை. இது சக்கரத்தில் உட்கார்ந்தவரின் வேலை. உதவிக்கு வந்தவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தோல் பதம் வந்ததும் கோப்பையைக் கவிழ்த்து வைப்பது. வாய் சீக்கிரம் காயும், அடி தாமதமாகக் காயும். கவிழ்த்தால் இரண்டும் சமமாகும்.

கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் வருவதுதான் கிறிஸ்துமஸ் நேரத்தில் அதிகம், ஏனென்றால் ஒருவர் கோப்பை வனைகிறார், இன்னொருவர் மறுநாள் கைப்பிடி ஒட்டுகிறார். காய்ந்த கோப்பையில் ஈரக் கைப்பிடி வைத்தால் இரண்டும் வேறுவேறு அளவு சுருங்கும், பிரியும். இரண்டும் ஒரே பதமாக இருக்க வேண்டும். கோப்பை முந்திக்கொண்டால் ஈரத் துணியில் சுற்றி ஒரு இரவு பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள். ஒட்டிய பிறகும் இரண்டு நாள் பையை லேசாகப் போர்த்தி வையுங்கள். கைப்பிடி மெல்லியது, அது முதலில் காய்ந்துவிடக்கூடாது.

நட்சத்திரத்தின் கால்கள் மேலே தூக்கிக்கொள்கின்றன

தட்டையாக உருட்டி வெட்டிய எதுவும் இப்படிச் செய்யும். மேல்பக்கம் காற்றில் காய்கிறது, கீழ்ப்பக்கம் தரையில் ஒட்டி ஈரமாகவே இருக்கிறது. எங்கள் கூடத்தில் இதற்குக் காரணம் ஆத்தங்குடித் தரைதான். அழகாகவும் குளுமையாகவும் இருக்கிறது என்று பிள்ளைகள் அதன்மேல் நேராகப் பரப்பிவிடுவார்கள். வழவழப்பான கல் ஈரத்தை விடாது. மரப்பலகையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வையுங்கள், மேலே இன்னொரு தாளும் லேசான பலகையும். காலையும் மாலையும் திருப்பிப் போடுங்கள். வெட்டியதும் கையால் தூக்காதீர்கள், பலகையோடு நகர்த்துங்கள். ஒருமுறை வளைந்த மண், பிறகு நிமிர்த்தினாலும் சூளையில் பழைய வளைவுக்கே போகும்.

வளவில், அதாவது வீட்டின் திறந்த உள்முற்றத்தில், காயவைக்கலாமா என்று கேட்பார்கள். ஒரு மணி நேர வெயிலைப் பார்த்து வெளியே வைத்து, தூறல் வந்து அத்தனையும் குழம்பானதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாங்கட்டுத் தாழ்வாரம் போதும்.

மெழுகுவர்த்தி உள்ளே போகவில்லை

சுருக்கத்தை மறந்துவிட்டீர்கள். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு அளவு சுருங்கும். ஈர மண் பட்டையில் 10 சென்டிமீட்டர் கோடு போட்டுச் சுட்டுப் பாருங்கள். எங்கள் ஸ்டோன்வேர் மண்ணில் அது 8.8 ஆக வருகிறது, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு போகிறது. அலுமினியக் கிண்ணத்தில் வரும் சின்ன மெழுகுவர்த்தி சுமார் 38 மில்லிமீட்டர் அகலம். எளிதாகப் போய்வர 40 வேண்டும். 40-ஐ 0.88-ஆல் வகுத்தால் 45 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஈர மண்ணில் குழியை அந்த அளவுக்கு வெட்டுங்கள். நட்சத்திரத்தில் நூல் கோக்கும் துளைக்கும் இதே கணக்குதான், அதோடு மெருகு உள்ளே நுழைந்து அடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூசியதும் ஈர்க்குச்சியால் துளையைக் குத்திவிடுங்கள்.

சிவப்புப் பொம்மையில் வெள்ளை பூத்திருக்கிறது

உப்பு. மண்ணிலோ தண்ணீரிலோ இருந்த உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் மேலே வந்து தங்குகிறது. மூக்கு, விரல், துணி மடிப்பு போன்ற துருத்திய இடங்களில் அதிகம் தெரியும். போர்த் தண்ணீரில் பிசைந்தால் எங்களுக்கு நிச்சயம் வரும். செட்டிநாட்டு வீடுகளில் வளவுக் கூரையின் மழைநீரைப் பிடித்துவைக்கும் வழக்கம் இருந்தது இல்லையா, அதே மழைநீரை அண்டாவில் பிடித்து மண் கரைக்க வைத்துக்கொள்கிறோம். இந்த மழை நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் இது. இதற்குப் பேரியம் கார்பனேட் கலப்பது என்று ஒரு வழி உண்டு. அது விஷம். உதவிக்கு வந்தவர்கள் அந்த டப்பாவைத் தொட வேண்டாம்.

சூளைத் தட்டில் ஏதோ உருகி ஒட்டிக் கிடக்கிறது

பளபளப்பாக, பச்சையோ நீலமோ தேன்போல வழிந்திருந்தால் மெருகு. தடிமனாகப் பூசியிருக்கிறீர்கள், அல்லது அடியைத் துடைக்கவில்லை. அடியிலிருந்து குறைந்தது மூன்று மில்லிமீட்டர் மெருகு இல்லாமல் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும்.

கரும்பழுப்பாகக் கொப்புளித்துக் கிடந்தால் மண் மாறிவிட்டது. கண்மாய் மண் 950 டிகிரியில் சுட வேண்டிய மண். ஸ்டோன்வேர் ஈடு 1220 வரை போகும். அந்தச் சூட்டில் கண்மாய் மண் ஊதி உருகிவிடும், தட்டையும் பாழாக்கும். சீவல் மண்ணைச் சேகரிக்கும் வாளிகளை மாற்றிப் போடுவதில்தான் இது தொடங்குகிறது. சிவப்பு வாளியில் சிவப்பு மண், வெள்ளை வாளியில் மற்றது. சந்தேகமான உருண்டை எதுவானாலும் சிவப்பு வாளிக்கு.

மெருகு விலகி, நடுவில் வெறும் மண் தெரிகிறது

எண்ணெய் அல்லது தூசி. தலையைக் கோதிய கை, முறுக்கு தின்ற கை, கோப்பையைப் பிடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் விட்டுப்போகும். அந்த இடத்தில் மெருகு ஒட்டாது. முதல் சூடு முடிந்த சாமானை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, உலரவிட்டுப் பூசுங்கள். கெட்டுப்போனதைச் சூடாக்கி, அந்த இடத்தில் மட்டும் மெருகைத் தடவி மறுபடி சுடலாம். எங்களுக்குச் சில தேறும், சில தேறாது.

பூசிய மெருகில் சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் ஓடினால், ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகம் சுருங்கியிருக்கிறது. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அதில் காப்பி குடிக்கக் கொடுக்கக்கூடாது, கோடுகளுக்குள் அழுக்கு தங்கும். பேனா வைக்கும் குவளையாக விலை போடுங்கள்.

தூசியைப் பற்றி ஒன்று. காய்ந்த மண் தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அதில் சிலிக்கா இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. ஈரத் துணியால் துடையுங்கள். மெருகுப் பொடி கலக்கும்போது சுவாசக் கவசம் போடாமல் ஆச்சி யாரையும் உள்ளே விடமாட்டார். அது கண்டிப்பு இல்லை, அக்கறை.

நடுவில் கரண்ட் போய்விட்டது

மூடியைத் திறக்காதீர்கள். எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரியில் போனது என்று சுவரிலுள்ள தாளில் எழுதுங்கள். முதல் சூடு என்றால் வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மெருகுச் சூடும் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் கரண்ட் போகாமல் சூளையின் சுவிட்ச் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால் அது வேறு சங்கதி. மழையில் சூளைச் செங்கல் ஈரம் வாங்கி மின்கசிவு இருக்கலாம். சுவிட்சைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தேதி நெருங்கிவிட்டது, மண் இன்னும் ஈரம்

பொம்மைக்கு மழையில் பன்னிரண்டு நாள் காய வேண்டும், சுடவும் ஆறவும் மூன்று நாள், வண்ணம் தீட்டப் பொதிய மூன்று நாள். டிசம்பர் 5-க்கு மேல் நாங்கள் கிறிஸ்துமஸுக்காக ஈர மண்ணில் கை வைப்பதில்லை. ஓரியூர், இடைக்காட்டூர் கோயில்களுக்குப் போகிற வழியில் வந்து, "இன்னும் ஒரு செட் குடில்" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை என்று சொல்ல மனசு வராது. அப்படி ஒரு வருடம் சரி என்று சொல்லி, பாதி காய்ந்ததை ஏற்றி, அந்த செட்டோடு பக்கத்தில் இருந்த இரண்டு செட்டும் போயிற்று. முன்கூட்டியே செய்து வைத்த மாதா, சூசையப்பர், பாலன் மூன்றும் இருந்தால் அதைக் கொடுங்கள். ஞானியரும் ஒட்டகமும் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம். பல வீடுகளில் குடில் அப்படித்தான் வருடாவருடம் வளர்கிறது.

போய்ச் சேர்ந்தபோது உடைந்திருந்தது

குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்பார்கள். பஸ் பார்சலில் அந்த அரை நாழிகை கட்டாயம் வரும். பொதியும் முன் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் சுண்டுங்கள். ஐயா மானாமதுரையில் தொழில் பழகியவர். கடம் செய்கிற ஊர் அது, அங்கே எல்லாரும் காதால்தான் சோதிப்பார்களாம். "ணங்" என்று கேட்டால் சரி. "டொக்" என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது, தனியே எடுத்து வையுங்கள்.

சொரூபத்தின் கழுத்தும் ஒட்டகத்தின் காலும்தான் உடையும். அந்த இடுக்குகளில் முதலில் தாள் கசக்கி வைத்து, பிறகு முழுதையும் சுற்றி, வைக்கோல் படுக்கையில் படுக்கவையுங்கள். பெட்டியை மூடிக் காதருகே ஆட்டுங்கள். சத்தம் வந்தால் இடம் இருக்கிறது, இன்னும் வைக்கோல் திணியுங்கள்.

அப்படியும் கால் போன ஒட்டகம் திரும்பி வந்தால், இரண்டு கலவைப் பசையால் ஒட்டி, ரப்பர் வளையம் போட்டு ஒரு நாள் அசையாமல் வையுங்கள். குடிலில் நிற்கிற பொம்மைக்கு அது போதும், வாங்குபவரிடம் ஒட்டியது என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுக்கலாம். மெழுகுவர்த்தித் தாங்கியை மட்டும் ஒட்டிக் கொடுக்காதீர்கள். சூட்டில் பசை இளகும், எரிகிற திரியோடு சாயும். அதை உடைத்துத் தூளாக்கி, அடுத்த பொம்மை மண்ணில் கலந்துவிடுங்கள். சுட்ட மண் தூள் சேர்ந்தால் காயும்போது விரிசல் குறையும்.